அயலவரின் இலக்கும் எமது மகிழ்ச்சியும்

"இலக்கு" என்பது எமது மக்களிடையே நல்ல பெயர் எடுத்த சொல் அல்ல. அலுவலகங்களில் அது அடிக்கடி கேட்கிறது. இத்தனை கிணறுகள், இத்தனை மலசலகூடங்கள், இத்தனை பயனாளிகள், இந்தத் திகதிக்குள் என்று யாரோ எழுதி வைத்த கணக்குக்கு அங்கே இலக்கு என்று பெயர். அந்தக் கணக்கில் எமது குடும்பம் ஓர் எண் மட்டுமே. ஆகவே ஒரு கூட்டத்தில் "உங்கள் இலக்கு என்ன?" என்று எவராவது கேட்டால் முன்வரிசையில் இருப்பவர்கள் நிலத்தைப் பார்க்கிறார்கள். பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. "காணியே கையில் இல்லை, இலக்கு என்ன இலக்கு?" என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள்.

அந்தச் சிரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் அதை அப்படியே விட்டுவிட எமக்கு மனமில்லை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு, தானே தெரிந்தெடுத்த ஒரு சிறிய இலக்கு மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகத் தேவை என்பது எமது கருத்து. அதைத் தனியே தெரிந்தெடுப்பது கடினம். அக்கறையோடு கேட்க ஒரு அயலவர் வேண்டும். அப்படிக் கேட்டு, கூட நின்று, அது நிறைவேறுவதைக் கண்ணால் காண்பவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியும் சிறியதல்ல. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

கமக்காரனுக்கு இலக்குப் புதியதல்ல

கமம் செய்பவர்களுக்கு இலக்கு வைக்க எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. வெண்டி விதைத்தால் ஒன்றரை மாதமளவில் முதற்காய் முறிக்கலாம். பயறு இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடச் செல்லும். அடைக்கு வைத்த கோழிக்கு 21 நாள். பப்பாசிக்கு எட்டு ஒன்பது மாதம். தென்னைக்கு ஐந்தாறு வருடம். பனங்கொட்டை புதைப்பவரோ தமக்காக அல்ல, பேரப்பிள்ளைகளுக்காகவே புதைக்கிறார். இவை யாவும் நாள் குறித்த இலக்குகளே. ஆவணி, புரட்டாதியில் நிலத்தைப் பண்படுத்தி, ஐப்பசி மழையோடு விதைத்து, தை மாசியில் அறுவடை செய்வோம் என்று திட்டமிட்டவர்கள் நாம். நெல்லு விற்றதும் அடகு வைத்த நகையை மீட்போம், வைகாசியில் மகளின் காரியத்தைப் பார்ப்போம் என்று வாழ்க்கையையும் அந்த நாட்காட்டியிலேயே கட்டி வைத்திருந்தோம்.

இடம்பெயர்வு எமது காணியை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்கள், அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் கொட்டில் போட்ட முஸ்லிம் குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு கைதடி வீதியில் மழையில் நடந்தவர்கள், 2006இல் சம்பூர்ப் பகுதியை விட்டு வந்தவர்கள், 2008இலும் 2009இலும் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தவர்கள் என்று எல்லோருக்கும் இந்த அனுபவம் பொதுவானது. நிவாரணம் தரும் நாள், பதிவு எடுக்கும் நாள், தறப்பாள் வரும் நாள், அதிகாரி வரும் நாள் என்று முகாமில் இருந்த நாட்கள் எல்லாம் பிறர் குறித்த நாட்கள். "நான் இதை இன்ன நாளுக்குள் செய்வேன்" என்று சொல்ல அங்கே இடமிருக்கவில்லை.

மெனிக்பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. வலிகாமம் வடக்கிலும் சம்பூரிலும் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஆனால் எல்லாக் காணியும் திரும்பி வரவில்லை; எல்லோரும் திரும்பிப் போகவுமில்லை. இன்றும் உறவினர் வளவிலும், வாடகைக் காணியிலும், மாற்றிடத்துக் கால் ஏக்கரிலும் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குத் திரும்பிய சிலரிடமும் அந்தப் பழைய நாட்காட்டி திரும்பி வரவில்லை என்பதைக் காண்கிறோம். இவர்களைச் "சோம்பேறிகளாகிவிட்டார்கள்" என்று பேசுவோர் உண்டு. அது அநியாயமான பேச்சு. வருடக்கணக்காகப் பிறர் குறித்த நாளுக்குக் காத்திருந்த ஒருவருக்குத் தாமாக நாள் குறிக்கும் பழக்கம் விட்டுப்போவது இயல்பு. விட்டுப்போன பழக்கம் பயிற்சியால்தான் திரும்பும், ஏச்சினால் திரும்பாது.

ஆசை வேறு, இலக்கு வேறு

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று: "ஊருக்குப் போகவேணும்." இது வெறும் ஆசை அல்ல, எமது உரிமை. அதை எந்தக் கூட்டத்திலும் எந்த மனுவிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆயினும் அது நிறைவேறும் நாள் எமது கையில் இல்லை. எமது கையில் இல்லாத ஒன்றை மட்டுமே இலக்காக வைத்திருப்பவருக்கு, அது நடக்காத ஒவ்வொரு நாளும் தோல்வி நாளாகவே முடிகிறது.

இலக்கு என்பது எமது கைக்கு எட்டுவதாக இருக்கவேண்டும். அதே ஆளிடம் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். "பிள்ளை, வாற தைக்கு முன்னம் உனக்கு ஒரேயொரு காரியம் முடியவேணும் எண்டால் எது முடியவேணும்?" என்று அயல்வீட்டு மாமி கேட்டால், சற்று யோசித்துவிட்டுப் பதில் வரும். "ஆட்டுக்கு ஒரு கொட்டில் போட்டால் காணும், மாமி." மற்றொருவர் அடகில் இருக்கும் தோட்டைச் சொல்வார். இன்னொருவர் மகனின் கணிதப் பாடத்தைச் சொல்வார். முதிய ஐயா ஒருவர், கண்ணுக்குக் கண்ணாடி எடுத்துப் பத்திரிகை வாசிக்க வேண்டும் என்பார். கையெழுத்து வைக்கப் பழகவேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொல்லும் தாயும் இருக்கிறார்.

இப்படியான பதில்களில் ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம்: தொலைந்துபோன காணி உறுதியின் பிரதியை எடுத்தல். ஊருக்குத் திரும்பும் நாள் எமது கையில் இல்லை. ஆனால் உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பிப்பதும், அரச காணியின் அனுமதிப்பத்திரம் பற்றிப் பிரதேச செயலகத்தில் விசாரிப்பதும், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்களை ஒழுங்காக்கிக் கொள்வதும் எமது கையில் உள்ள காரியங்கள். ஒரே நாளில் முடியாது. நாலைந்து தரம் அலையவேண்டி வரும். தனியே அலைபவர் இரண்டாம் தரத்தோடு விட்டுவிடுவார். "நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, நானும் வாறன் அண்ணை" என்று ஒருவர் கூட வந்தால் ஐந்தாம் தரமும் போவார். பெரிய உரிமையை நோக்கிய பாதையில் இப்படியான சிறிய இலக்குகள் மைல்கற்கள் போன்றவை.

இங்கே நட்டால் ஊரை மறந்ததாகுமா?

இங்கே ஒரு வாதத்துக்கு முகங்கொடுக்க வேண்டும். "இந்த இடத்தில் மரம் நட்டால், கிணறு கட்டினால், இங்கேயே இருக்கச் சம்மதித்ததாகிவிடும். பிறகு எங்களை ஆரும் ஊருக்கு விடமாட்டினம்" என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். இதை ஏளனமாகத் தள்ளிவிட முடியாது. இருபது, முப்பது வருடங்களைத் தற்காலிகக் கொட்டிலில் கழித்தவர்களின் பயம் அது. தாம் விட்டுவந்த தென்னைக்குத் துரோகம் செய்வதுபோல அவர்களுக்குத் தோன்றுகிறது.

எமது பதில் இது. காத்திருக்கும் காலத்திலும் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஊருக்குப் போகும் நாள் வரும்போது, அங்கே போய்க் கமம் செய்யத் தெரிந்த ஒரு பரம்பரை எம்மிடம் இருக்கவேண்டும். முகாமிலே பிறந்து, மண்வெட்டி பிடியாமல் வளர்ந்த பிள்ளையிடம் ஐந்து ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தாலும் அது பற்றைக் காடாகவே கிடக்கும். இங்கே நாலு பாத்தி கொத்துவதும் ஊருக்குப் போவதற்கான ஆயத்தமே.

தயங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். கொண்டுபோகக் கூடிய இலக்குகளை முதலில் தெரிந்தெடுங்கள். விதை அப்படியானது. நல்ல கத்தரி, பயற்றை, குரக்கன் விதைகளைத் தெரிந்து, நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து அல்லது வேப்பிலை போட்டுப் போத்தலில் அடைத்து வைத்தால் போகுமிடமெல்லாம் கொண்டு போகலாம். பையில் வளர்க்கும் தென்னம்பிள்ளை, மாங்கன்று, தேசிக்கன்று என்பவையும் அப்படியே. ஆடும் கோழியும் கூடவே வரும். தையல், மேசன் வேலை, பம்பு இயந்திரம் திருத்துதல், சிங்களம் பேசப் பழகுதல் என்பவற்றை எந்தச் சோதனைச் சாவடியிலும் எவரும் பறித்திருக்க முடியாது. கையில் கட்டிக்கொண்டு போகக் கூடிய இலக்குக்கு மறுப்புச் சொல்லும் பெரியவரை நாம் காணவில்லை.

கடல் கடந்த ஓர் அனுபவம்

அயலவர்கள் ஒன்றுகூடி ஒருவர் மற்றவரின் நோக்கத்தைக் கேட்டுத் தூண்டுவது எமது நாட்டுக்குப் புதியதல்ல. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இலங்கையில் 1906ஆம் ஆண்டிலேயே தொடங்கின. அவை தளர்ந்துபோன காலத்தில், 1978இல் சனச இயக்கமாகப் புத்துயிர் பெற்றன. எமது ஊர்களில் பெண்கள் பிடித்த சீட்டும் இவ்வகையே. "இந்தச் சீட்டு எடுத்து என்ன செய்யப் போறாய்?" என்ற கேள்வி இல்லாமல் எந்தச் சீட்டும் நடந்ததில்லை. இந்த வழியை ஒரு பெரிய இயக்கமாகவே செய்து காட்டிய மக்களைப் பற்றி இங்கே அறிந்துகொள்வது பயன் தரும்.

கனடா என்றால் இன்று எமக்கு வசதியான நாடு. நாம் சொல்லப்போவது ஒரு நூற்றாண்டுக்கு முந்திய வறிய கனடாவைப் பற்றி. அந்நாட்டின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோசியா என்ற மாகாணம் உள்ளது. 1920களில் அங்கிருந்த மீனவர்கள் பிடித்த மீனை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்து, அவரிடமே சாமான்களைக் கடனுக்கு வாங்கி, கடனிலேயே வாழ்ந்தார்கள். கமக்காரர்கள் காணிகளைக் கைவிட்டுப் பட்டணங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்குள்ள அன்ரிகோனிஷ் என்ற சிறு நகரின் புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம், 1928இல் கிராம மக்களுக்கென ஒரு விரிவாக்கப் பகுதியை அமைத்தது. மோசஸ் கோடி என்ற குருவானவர் அதன் பணிப்பாளரானார். அவருக்கு முன்னோடியாக ஜிமி ரொம்கின்ஸ் என்ற மற்றொரு குருவானவர் கரையோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் பணம் கொண்டு போகவில்லை. அயலிலுள்ள சிலரை ஒரு வீட்டுக் குசினியில் கிழமைக்கு ஒருநாள் கூட்டினார்கள். இதற்குப் படிப்பு வட்டம் என்று பெயர். எமது பணம் எங்கே போகிறது, எமது மீனை யார் என்ன விலைக்கு விற்கிறார், இதில் எதை நாமே செய்யலாம் என்று அங்கே கேள்விகள் எழுந்தன. பதிலையும் அவர்களே தேடினார்கள். லிற்றில் டோவர் என்ற மிக வறிய மீன்பிடிக் கிராமத்தவர்கள் தங்கள் கையாலேயே சிங்க இறால் பதனிடும் ஆலை ஒன்றைக் கட்டி நடத்தினார்கள். மற்றக் கிராமங்களில் கடனுதவிச் சங்கங்களும் கூட்டுறவுக் கடைகளும் தோன்றின. 1930களின் முடிவில் படிப்பு வட்டங்கள் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. கோடி அடிகளார் 1939இல் தமது அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். தங்கள் விதிக்குத் தாங்களே எசமானர்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். 1959இல் அவர் மறைந்த அதே ஆண்டில், பிற நாட்டு மக்கள் இந்த வழியைக் கற்பதற்கென அவர் பெயரில் ஒரு நிறுவனமும் அப்பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது.

ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. அந்த மீனவர்களுக்குக் கடல் திறந்திருந்தது. அவர்களின் வாடியில் எவரும் முட்கம்பி அடித்திருக்கவில்லை. ஆகவே அவர்கள் செய்ததையெல்லாம் நாமும் செய்துவிடலாம் என்று சொல்லமாட்டோம். எமக்குப் பொருந்தும் பாடம் வேறு. பொருளுக்கு முன்னர் கேள்வி போகவேண்டும். அந்தக் கேள்வியை மேடையிலிருந்து கேட்கக் கூடாது. குசினியில் இருந்து கேட்கவேண்டும்.

ஊக்கம் கொடுப்பது எப்படி?

ஊக்கம் என்றவுடன் பலர் பேச்சைத்தான் நினைக்கிறார்கள். "உன்னால் முடியும், துணிந்து செய்" என்று சொன்னால் போதும் என்று எண்ணுகிறார்கள். ஆல்பேர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977இல் இதைப் பற்றி எழுதியது எமது அனுபவத்தோடு பொருந்துகிறது. என்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு நாலு வழிகளில் வருகிறது என்றார் அவர். தானே ஒன்றைச் செய்து முடித்துப் பார்ப்பது முதலாவது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது இரண்டாவது. பிறர் சொல்லும் வார்த்தை மூன்றாவது. உடலும் மனமும் இருக்கும் நிலை நாலாவது. இவற்றுள் தானே செய்து முடித்த அனுபவமே மிக வலியது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே ஊக்கம் கொடுக்க விரும்புபவர் வாயால் தொடங்காமல், அயலவருக்கு ஒரு சிறு வெற்றி கிடைக்க வழி செய்வதிலிருந்து தொடங்கவேண்டும். இதை ஐந்து படிகளாகச் சொல்லலாம்.

முதலாவது, கேளுங்கள், கேட்டபின் பேசாமல் இருங்கள். பதில் வரச் சற்று நேரமெடுக்கும். அந்த இடைவெளியில் நாமே ஒரு பதிலைச் சொல்லிவிட்டால், அது எமது இலக்காகிவிடும். எமது இலக்கை அவர் மரியாதைக்காகத் தலையில் சுமப்பார். நாலு நாளில் இறக்கி வைத்துவிடுவார்.

இரண்டாவது, சிறிதாக்க உதவுங்கள். "நூறு கோழி வளர்க்கப் போறன்" என்பவரிடம், "முதல் ஒரு அடைக்கோழியோடை தொடங்கினால் என்ன?" என்று கேட்கலாம். 21 நாளில் கையில் பலன் தெரியும். அந்தக் குஞ்சுகளின் சத்தம் எமது பேச்சை விட நன்றாக ஊக்கம் கொடுக்கும்.

மூன்றாவது, எப்போது, எங்கே என்று கேளுங்கள். பீற்றர் கோல்விற்சர் என்ற ஜேர்மன் அறிஞர் 1999இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்றைச் செய்வேன் என்று மட்டும் சொல்பவர்களை விட, இன்ன நேரம் இன்ன இடத்தில் செய்வேன் என்று தீர்மானிப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்று காட்டினார். கமக்காரருக்கு இது தெரிந்த விடயமே. "கிணத்தடிக் காணியை வெள்ளிக்கிழமை விடியக் கொத்துவம்" என்று சொன்னவர்தான் கொத்துவார்.

நாலாவது, போய்ப் பாருங்கள். சொன்ன நாளில் அந்த வேலிக்கரையால் போங்கள். "எப்பிடி அக்கா, கொட்டிலுக்குக் கப்பு நட்டாச்சோ?" என்ற ஒரு வார்த்தை போதும். குறை பிடிக்கப் போகவேண்டாம். நினைவு வைத்திருக்கிறோம் என்று காட்டினாலே போதும். இடம்பெயர்ந்தவர்களின் நெஞ்சில் உள்ள பெரிய நோ, தாம் மறக்கப்பட்டுவிட்டோம் என்பதுதான்.

ஐந்தாவது, செய்து காட்டிய அயலவரை அறிமுகப்படுத்துங்கள். வெளியிலிருந்து வரும் பயிற்றுநரை விட, அதே தறப்பாளின் கீழ் இருந்து, அதே உலர் உணவை வாங்கி, இன்று இரண்டு பரப்பில் வெங்காயம் வைத்திருக்கும் பெண்ணின் சொல்லுக்கு வலு அதிகம். அவரிடம் ஒரு பின்னேரம் கூட்டிச் செல்லுங்கள்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

நல்ல காரியம் கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. 2009க்குப் பின்னர் எமது கிராமங்களுக்கு நுண்கடன்கள் வந்தன. பெண்களைக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவருக்கு மற்றவரைப் பிணை வைத்துக் கடன் கொடுத்தார்கள். கிழமைக்குக் கிழமை அறவிட்டார்கள். அந்தக் கூட்டங்களிலும் இலக்கு என்ற சொல் பேசப்பட்டது. ஆனால் அது கடன் கொடுத்தவரின் இலக்கு. ஒருவர் தவணை கட்டத் தவறியபோது, ஊக்கம் கொடுக்க வேண்டிய அயலவரே வாசலில் நின்று அறவிடும் ஆளாக மாற நேர்ந்தது. பல வருட நட்பு ஒரு தவணையில் முறிந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டிய நிலை ஏற்பட்டது. எனவே ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். அயலவரின் இலக்கை விசாரிப்பவருக்கு அந்த இலக்கில் பணலாபம் இருக்கக் கூடாது.

இரண்டாவது ஆபத்து, ஒப்பிடுதல். "உன்ரை தங்கச்சியைப் பார், எப்பிடி முன்னேறிவிட்டாள்" என்ற வார்த்தை ஊக்கம் அல்ல, குத்தல். இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவல்ல. கணவன் இல்லாமல் மூன்று பிள்ளைகளோடு இருப்பவரும், வெளிநாட்டில் மகன் இருப்பவரும் ஒரே கோட்டிலிருந்து ஓடவில்லை. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணிடம் புதிய இலக்கு ஒன்றைக் கேட்பதற்கு முன்னர், அவர் தலையிலுள்ள பாரத்தில் எதை நாம் இறக்கலாம் என்று பார்ப்பதே முறை. பின்னேரம் ஒருமணி நேரம் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரிய ஊக்கம்.

மூன்றாவது, பிள்ளைகள். க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் 'ஏ' எடுக்கவேண்டும் என்பது பல வீடுகளில் தாய்தகப்பனின் இலக்கு. நாம் இழந்த காணி, வீடு, உத்தியோகம் எல்லாவற்றையும் பிள்ளையின் பெறுபேற்றில் மீட்க நினைக்கிறோம். பிள்ளையைக் கேட்டால் அவனுக்கு மோட்டார் திருத்துவதில் ஆசை இருக்கலாம். பெரியவர்களிடம் கேட்பதைப் போலவே பிள்ளையிடமும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கப் பழகவேண்டும்.

நாலாவது ஆபத்து மிகப் பெரியது. முயன்றால் முடியும் என்ற பேச்சு, செய்ய வேண்டியவர்களின் கடமையை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது. காணியை விடுவிக்க வேண்டியவர் விடுவிக்கத்தான் வேண்டும். குளத்தைத் திருத்த வேண்டிய திணைக்களம் திருத்தத்தான் வேண்டும். ஒரு தாய் வாடகைக் காணியில் கத்தரி வைத்து முன்னேறிவிட்டார் என்பதற்காக அவரின் சொந்தக் காணியைப் பற்றிய கேள்வி முடிந்துவிடாது. வீட்டில் இலக்கு வைத்து நடக்கப் பழகிய மக்களே மனுவையும் விடாமல் தொடர்வார்கள் என்பதே எமது எண்ணம்.

தவறும்போது

எல்லா இலக்கும் நிறைவேறாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கரையோரத்தில் ஒரே காலையில் எல்லாம் போனது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டபோது நன்றாகத் திட்டமிட்ட கமக்காரரும் நட்டப்பட்டார்கள். ஐப்பசியில் மழை பிந்தும். கார்த்திகையில் வெள்ளம் வரும். மயில் வந்து நாற்றைக் கொத்தும், பன்றி வந்து வேலியை உடைக்கும். இப்படியான வேளையில் ஊக்கம் கொடுத்தவர் என்ன செய்யவேண்டும்?

முதலில் போகவேண்டும். வெற்றியில் பங்கெடுக்க வந்தவர் நட்டத்தில் வராவிட்டால், அவர் முன்பு சொன்ன வார்த்தைகள் எல்லாம் பொய்யாகிவிடும். போய் இருந்து, எது எமது கையை மீறி நடந்தது, எதை அடுத்தமுறை மாற்றலாம் என்று பிரித்துப் பார்க்க உதவவேண்டும். "எனக்கு ராசி இல்லை" என்று சொல்பவரிடம், "ராசி இல்லையெண்டில்லை, தம்பி. வாய்க்கால் தாழ்வாய் இருந்தது" என்று சொல்லவேண்டும். ராசியை எவராலும் மாற்ற முடியாது. வாய்க்காலை உயர்த்தலாம். தேவையானால் இலக்கைக் குறைக்கலாம், நாளைத் தள்ளலாம், முற்றாகக் கைவிட்டு வேறொன்றும் எடுக்கலாம். தானே வைத்த இலக்கைத் தானே மாற்றும் சுதந்திரமும் ஒருவருக்கு உண்டு.

கேட்பவருக்கு என்ன கிடைக்கிறது?

இவ்வளவும் செய்பவருக்கு என்ன லாபம் என்று ஒரு வாசகர் கேட்கலாம். ஒளிவுமறைவின்றிச் சொல்வோம். கூலி இல்லை. சான்றிதழ் இல்லை. சிலவேளை நன்றிகூட இல்லை. தாமே செய்ததாகத்தான் அவர் ஊரெல்லாம் சொல்வார். அப்படிச் சொல்வதே சரி, செய்தவர் அவர்தானே.

ஆனால் ஒருநாள் காலையில் வேலிக்கு மேலால் ஒரு சிறு பெட்டி வரும். முதல் முறித்த வெண்டிக்காயில் ஒரு பிடி அதில் இருக்கும். எமது பாத்தியில் காய்க்காத அந்தக் காய்க்காக நெஞ்சில் எழும் சந்தோசத்தைச் சொந்த விளைச்சலின் சந்தோசத்தோடு ஒப்பிட முடியாது. சொந்த விளைச்சலில் விலை பற்றிய கவலையும் கடன் பற்றிய கவலையும் கலந்திருக்கும். அயலவரின் விளைச்சலைப் பார்த்து வரும் மகிழ்ச்சியில் அந்தக் கலப்பு இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காணி என்றால் ஒரு அறுவடைதான். பத்து அயலவரின் நோக்கத்தை நெஞ்சில் வைத்திருப்பவருக்கு வருடம் முழுவதும் எங்கோ ஓர் அறுவடை நடந்துகொண்டே இருக்கும்.

இடம்பெயர்ந்த சமூகத்தில் எரிச்சலும் பொறாமையும் வளர்வதை எல்லோரும் அறிவோம். கொடுக்கப்படுவது குறைவாகவும் கேட்பவர்கள் கூடவாகவும் இருக்கும் இடத்தில், அயலவருக்குக் கிடைத்தது எமக்குக் கிடைக்காததாகத் தோன்றும். வரிசையில் நின்று பழகிய கண்ணின் பார்வை அது. அயலவரின் இலக்கில் எமக்கும் பங்குண்டு என்று ஆனபின் அந்தப் பார்வை மாறுகிறது. அவருடைய கொட்டிலுக்கு நாமும் ஒரு கப்புப் பிடித்திருந்தால், அது எழும்பும்போது எரிச்சல் வர வழியில்லை.

எல்லோரையும் விட முதியவர்களுக்கு இது பெரும் வரம். எழுபது வயதைத் தாண்டிய கமக்காரர் ஒருவர் வாடகை வீட்டுத் திண்ணையில் இருந்து, இனித் தம்மால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மண்ணின் நிறத்தைப் பார்த்தே தண்ணீரின் ஆழம் தெரியும். காற்றின் திசையைக் கொண்டே மழை தெரியும். ஊர்க்காணியை மீண்டும் தாம் உழுவோம் என்ற நம்பிக்கை அவருக்குக் குறைந்துவிட்டது. அவரிடம் ஒரு இளம் பிள்ளையை அனுப்பி, "அப்பு, இவன் பத்துக் கன்று மிளகாய் வைக்கப் போறானாம், கொஞ்சம் பாருங்கோ" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்தநாள் விடிய அவர் பொல்லை ஊன்றிக்கொண்டு பாத்திக்கரையில் நிற்பார். அந்தப் பத்துக் கன்றும் அவருடைய இலக்காகிவிடும்.

ஆகவே வாசகர்களே, பெரிய திட்டம் எதையும் தொடங்கும்படி நாம் கேட்கவில்லை. புதிய சங்கமும் நிர்வாக சபையும் வேண்டாம். இந்தக் கிழமை உங்கள் அயலில் ஒருவரைத் தெரிந்தெடுங்கள். தண்ணீர் அள்ளும் இடத்திலோ, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலோ, பின்னேரம் குசினி வாசலிலோ இருந்து, வாற தைக்கு முன்னர் எந்தக் காரியம் முடியவேண்டும் என்று கேளுங்கள். அவர் சொன்னதை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள், நாளையும் குறியுங்கள். அந்த நாளில் மறக்காமல் போய்ப் பாருங்கள். பிறகு, உங்கள் காரியம் என்ன என்று அவர் திருப்பிக் கேட்க இடங்கொடுங்கள். அதற்கு ஒரு பதிலை இப்போதே யோசித்து வையுங்கள்.